இருவேளை மன்னிப்பு

வேலை கிடைத்ததுதான் அவன் செய்த முதல் தவறு. அதுவும் வெளியே வந்த நான்காம் நாளே கிடைத்துவிட்டது.

ஒன்பது வருடம் சிறையில் இருந்தவன். அங்கே எந்தத் தண்ணீர் மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எரிந்த செம்புக் கம்பியைப் பிய்த்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓட்டிக் காட்டிவிடுவான். அதனால் காயில்காரன் என்றே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் காகிதங்களில் மட்டும் இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா வீட்டு முன்னறையில் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான்காம் நாள் கால் போன போக்கில் நடந்தபோது, ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு பட்டறையில் ஒரு அம்மாள் மோட்டார் மூடியைக் கழற்ற முடியாமல் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். புருஷன் போன பிறகு பட்டறையைத் தனியாக நடத்துகிறவர். இவன் கேட்காமலே கையை நீட்டி ஸ்பேனரை வாங்கினான். மூடி கழன்றது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "முழுசா எரிஞ்சிருக்கு, நான் சுத்தித் தர்றேன்" என்றான்.

"எங்க வேலை பார்த்த?"

"ஜெயில்லம்மா."

"எதுக்குப் போன?"

"மேஸ்திரியை ஸ்பேனரால அடிச்சேன். மூணாம் நாள் செத்துட்டாரு."

பட்டறையம்மா அவன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "அது எனக்கு வேணும். வேலை முடிஞ்சதும் இருந்த இடத்துல வை" என்றார்.

அப்படித்தான் அவன் வேலைக்குச் சேர்ந்தான். விண்ணப்பமும் இல்லை, வாழ்த்துரையும் இல்லை. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது அடுத்த வாரம்தான் அவனுக்குத் தெரிந்தது.

சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கவும், கிடைத்த வேலையில் நிலைக்க வைக்கவும் ஒரு நல வாரியம் இருந்தது. ஐந்து மாடிக் கட்டடம். காத்திருக்கும் கூடத்து நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. காயில்காரனுக்கு இன்னும் இரண்டு வருடத் தண்டனை பாக்கி. நன்னடத்தைக்காக நிபந்தனையோடு வெளியே விட்டிருந்தார்கள். 'பணியில் நிலைத்திருக்கிறார்' என்று மாதாமாதம் வாரியம் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத மாதம் அவன் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வழிகாட்டி அதிகாரி என்று ஒருவரிடம் அவனை அனுப்பினார்கள். சிரித்த முகம். கோபம் வந்தாலும், வருத்தம் வந்தாலும், வயிற்றுவலி வந்தாலும் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும்.

"வேலை தேடறதுல என்ன சிரமம் உங்களுக்கு?"

"சிரமம் ஒண்ணும் இல்லைங்க. வேலை கிடைச்சிருச்சு."

"யாரு வாங்கிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க. நானே போனேன்."

அதிகாரி பேனாவை மூடி மேசையில் வைத்தார். சிரிப்பு மட்டும் அசையவில்லை. "பதற்றப்படாதீங்க. இது இங்க அடிக்கடி நடக்கறதுதான். சரிபண்ணிடலாம்" என்றார்.

வாரியம் கொடுக்காத வேலையில் ஒருவர் நிலைத்திருக்கிறார் என்று எழுத வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே அவன் முதலில் வேலையில்லாதவன் ஆக வேண்டும். பிறகு பயிற்சி பெற வேண்டும். பிறகு வாரியம் அவனுக்கு வேலை தேடும். அதுவரைக்கும் பட்டறையில் அவன் செய்வது வேலை அல்ல, 'இடைக்கால ஈடுபாடு'. இதையெல்லாம் அதிகாரி ஆற அமர விளக்கினார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்து அறையில் இருந்தார். சத்தம் கேட்கும் தூரம். "அவங்க நில்லுன்னா நில்லு, உட்காருன்னா உட்காரு" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷந்தானே. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்காதே. இந்த வீட்டு வாசல்ல இன்னொரு தடவை வேன் வந்து நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

பயிற்சி பன்னிரண்டு நாள். காலையெல்லாம் வாரியத்தில், மதியத்துக்கு மேல் பட்டறையில். முதல் நாள் கை குலுக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள், ஒன்பது வருடம் என்ன செய்தாய் என்று ஒரு முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்ற பாடம். 'ஒரு பெரிய அரசு நிறுவனத்தின் வளாகத்திலேயே தங்கிப் பணியாற்றினேன்' என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஏழு முறை சொன்னார்கள். 'ஏன் வெளியே வந்தீர்கள்' என்று கேட்டால் 'புதிய சவால்களை எதிர்கொள்ள' என்பது பதில்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பழைய சமையல்காரர் இருந்தார். பயிற்சி மாமா என்று பெயர். பதினோரு வருடமாகப் பயிற்சிக்கு வருகிறார். முப்பத்தொரு சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. இடைவேளையில் எடுத்துத் தூசி தட்டுவார்.

"மாமா, இவ்வளவு சான்றிதழுக்கு ஒரு வேலைகூடவா கிடைக்கலை?"

"கிடைச்சா பயிற்சிக்கு வர முடியாதேப்பா. வரலைன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. எனக்கு ஆயுசு முழுக்கக் கையெழுத்து வேணும்."

எட்டாம் நாள் பயிற்சி மாமா குனிந்து காயில்காரன் காதில் சொன்னார்: "ஒரு கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்கறாங்க. நாளைக்குப் போய்ப் பார்க்கப் போறேன். யார்கிட்டயும் சொல்லாதே." சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

ஒன்பதாம் நாள் அவர் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. பதினோராம் நாள் அவருடைய நாற்காலியைக் காணோம். தரையில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. காயில்காரன் பயிற்சியாளரிடம் கேட்டான்.

"அவர் பயிற்சியில் நிலைக்கவில்லை. நேற்று ரெண்டு பேர் கேன்டீனுக்கே போய் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார் பயிற்சியாளர். பிறகு வகுப்பைப் பார்த்து, "நம்மை விட்டுப் போனவருக்காக எல்லாரும் ஒருமுறை கைதட்டலாம்" என்றார். தட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் காயில்காரன் அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தான்.

பயிற்சி முடிந்ததும் பணியிட ஆய்வு. பட்டறை வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் 'திரும்பி வந்த கைதிகள் நல வாரியம்' என்று முழ உயர எழுத்து. ஐந்து பேர் இறங்கினார்கள். ஒருவர் டேப்பைப் பிடித்து அவனுடைய ஸ்டூலுக்கும் சுவரில் மாட்டியிருந்த சுத்தியலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். இன்னொருவர் பட்டறையில் ஸ்பேனர்கள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்.

"பதினேழு இருக்கு" என்றார்.

"பதினெட்டு. ஒண்ணு நீ மிதிச்சுட்டு நிக்கற" என்றார் பட்டறையம்மா.

வழிகாட்டி அதிகாரி உள்ளே வரவில்லை. அவர் தெருவில் பாகுபாடு ஒழிப்புக் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர், தையல்காரர், பழைய பேப்பர் வாங்குகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தாளை நீட்டினார். முதல் கேள்வி: 'உங்கள் அருகில் பணிபுரியும் கொலைக் குற்றவாளி மீது உங்களுக்கு வெறுப்பு உண்டா? உண்டு எனில் எவ்வளவு?'

டீக்கடைக்காரர் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். "எந்தக் கொலைகாரனைச் சொல்றீங்க?"

"அதோ, நீலச் சட்டை" என்று அதிகாரி பேனாவால் காட்டினார். "ஆனா நீங்க அவரை அந்தக் கண்ணோட பார்க்கக் கூடாது."

தெரு முழுக்க அந்தக் கண்ணோடு பார்த்தது. ஒரு மாதமாக அவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தார். கணக்கெடுப்புக்கு முன்னால் தெருவில் வெறுப்பு சுத்தமாக இல்லை. அதற்கடுத்த வாரம் மறுபடி எடுத்தபோது நூற்றுக்கு எழுபத்து நான்கு.

"பார்த்தீங்களா, எவ்வளவு வெறுப்பு உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு" என்றார் அதிகாரி. "நாங்க வரலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அதைக் குறைப்பதற்காகப் பட்டறை வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். 'இங்கே திரும்பி வந்தவர் ஒருவர் பணிபுரிகிறார். தயவுசெய்து பயப்படாதீர்கள்.' அந்த மாதம் பழுதுக்கு வந்த மோட்டார்கள் பாதியாகக் குறைந்தன. காயில்காரன் பட்டறையம்மாவிடம் போய் நின்றான். "நான் நின்னுக்கறேம்மா. என்னால உங்களுக்குக் கெடுதல்."

"பலகையை மாட்டினவன் நின்னா போதும். நீ எதுக்கு நிக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவர் கம்பிச் சுருளை அவன் பக்கம் தள்ளினார்.

பலகை மாட்டியும் வாரியம் கையெழுத்துப் போடவில்லை, தவணை மட்டும் கொடுத்தது. ஏனென்றால் சட்டத்தில் வெறும் வேலை என்று இல்லை, 'பொருள் நிறைந்த வேலை' என்று இருந்தது. காயில் சுற்றுவதில் பொருள் உண்டா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வாரியத்தின் இயக்குநர். காயில்காரனுக்கு ஒரு ஸ்டூல்.

"மோட்டார் ஓடும்போது உங்கள் உள்ளத்தில் என்ன ஓடுகிறது?" என்று குழுவில் இருந்த நிபுணர் கேட்டார்.

"ஒண்ணும் ஓடாதுங்க. மோட்டார்தான் ஓடும்."

"அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?"

"தண்ணி வருங்க."

"உங்களுக்கு?"

"எனக்கில்லைங்க. மோட்டார்காரங்களுக்கு."

எழுதிக்கொண்டார்கள். இருபதுக்கு நான்கு மதிப்பெண். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போகட்டும். உங்க வாழ்க்கையிலேயே பொருள் நிறைந்ததுன்னு எதைச் சொல்வீங்க? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

காயில்காரன் உண்மையாகவே யோசித்தான். தினமும் விடிந்ததும் அவன் நினைப்பது ஒன்றுதான். "மேஸ்திரி செத்ததுதாங்க. அதை விடப் பெரிசா ஒண்ணும் நடக்கலை."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிணறு வெட்டப் போனவர்கள் புதையலைக் கண்ட மாதிரி இருந்தது. நிபுணர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

பத்து நாள் கழித்துப் பணி வழங்கும் விழா. பெரிய அரங்கு. காயில்காரனை முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்துக் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்த வாரியம் தொடங்கிய பதினான்கு ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நிலையான, கௌரவமான வேலை கிடைத்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள்."

முதல் நான்கு வரிசைகளும் எழுந்தன. எல்லாரும் வாரிய அதிகாரிகள்.

"இவர்களில் ஒருவர்கூட இதுவரை வேலையை விட்டதில்லை. வேலையில் நிலைப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சிலர் கேட்கிறார்கள், திரும்பி வந்தவர்களுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். நாளைக்கே அத்தனை பேருக்கும் வேலை கிடைத்துவிட்டால், இந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் தெருவில் நிற்குமே, அதற்கு யார் பொறுப்பு? அவசரப்படக் கூடாது. ஆனாலும் ஒரு தொடக்கமாக இன்று ஒருவருக்கு வேலை வழங்குகிறோம்."

காயில்காரனை மேடைக்குக் கூப்பிட்டு ஆணையைக் கையில் கொடுத்தார்கள். பதவியின் பெயர்: நிரந்தர வருந்துநர். தினமும் காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் வாரியத்தின் சிறு அரங்கில், தான் செய்த கொலையைப் பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்லி வருந்த வேண்டும். பட்டறை 'ஈடுபாடு' அன்றோடு முடிந்தது.

"இன்னொரு மகிழ்ச்சியான செய்தி" என்றார் இயக்குநர். "பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் நாம் மறக்கவில்லை." மேடையின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். நெற்றியும் புருவமும் அப்படியே மேஸ்திரி. காயில்காரன் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய ஆணையில் மன்னிப்பாளர் என்று போட்டிருந்தது.

அவளும் வேலை தேடி அலைந்தவள்தான். தட்டச்சு செய்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. முதல் நாள் அரங்கின் பின்பக்கத்தில் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்களை மன்னிக்கலை. வேலைக்கு வந்திருக்கேன்."

"தெரியும்மா."

"என்னை அம்மான்னு கூப்பிடாதீங்க."

"சரிங்க."

வசனத்தை வாரியமே எழுதிக் கொடுத்திருந்தது. அவன் எழுந்து நின்று தன் வறுமை, தன் கோபம், ஸ்பேனர் என்ற வரிசையில் சொல்லி, "வாரியம் இல்லாவிட்டால் நான் இல்லை" என்று முடிக்க வேண்டும். மூன்று விநாடி இடைவெளி. பிறகு அவள், "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு கைதட்டல். வழிகாட்டி அதிகாரி கடைசி வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் 'வருத்தம்' என்ற கட்டத்தில் அவனும், 'மன்னிப்பு' என்ற கட்டத்தில் அவளும் கையெழுத்துப் போடுவார்கள். பார்வையாளர்களிடம் கருத்துத் தாள் வாங்குவார்கள். 'வருத்தம் நன்று, கண்ணீர் சேர்த்தால் இன்னும் நன்று' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நாளுக்கு இரண்டு தடவை ஒரு மனிதனைக் கொல்ல வேண்டியிருந்தது. நாற்பது நாளில் காயில்காரன் பாதியாக இளைத்தான். வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அத்தான் அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துதான் மாசாமாசம் கிடைக்குதே மச்சான், அப்புறம் என்ன?" என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

மேஸ்திரி மகளுக்கு வாரியத்திலிருந்து ஓலை வந்தது. 'கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் தாங்கள் வழங்கிய மன்னிப்பில் உறுதி குறைவாக இருந்ததாகத் தெரியவருகிறது. ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.' விளக்கத்துக்குப் பதிலாக அவள் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதி அதிகாரியிடம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'இன்று மன்னிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தாள். அன்று அவளுடைய அப்பா இறந்த நாள்.

அதிகாரி சிரித்த முகத்தோடு படித்தார். "மன்னிக்க முடியாமைக்கு அரை நாள்தான் உண்டு. அதுக்கும் மருத்துவச் சான்று வேணும்" என்றார்.

பதினொரு மணிக் காட்சி முடிந்து பின்பக்க நடைபாதையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி திருப்பிக் கொடுத்த விடுப்புத் தாளை அவள் நாலாக மடித்தாள். அப்புறம், நாற்பது நாளில் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அடிச்சப்புறம் என்ன ஆச்சு? இவங்க எழுதிக் கொடுத்ததுல ஸ்பேனரோட முடிஞ்சிடுது. எங்கப்பா ஒண்ணுமே சொல்லலையா?"

காயில்காரன் சுவரில் தலையைச் சாய்த்தான். இதைப் போலீஸ் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை.

"கரன்ட்டை நிறுத்தாமலே மோட்டார்க் குழிக்குள்ள இறங்கச் சொன்னாரு. மாட்டேன்னேன். திட்டினாரு. நான் அடிச்சுட்டேன். உடனே விழலை. சிமென்ட் மூட்டை மேல உட்கார்ந்துட்டாரு. என்னையே பார்த்தாரு. கோபமாக்கூடப் பார்க்கலைங்க. 'மணி என்னடா, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வரணும்'னு கேட்டாரு. மூணே காலுன்னேன். எழுந்திருக்கப் பார்த்தாரு. ரெண்டு தடவை பார்த்தாரு. அப்புறம் பேச்சு வரலை."



"அன்னிக்கு அஞ்சரை வரைக்கும் கேட்டுல நின்னேன்" என்றாள் அவள். "எல்லாரும் போயிட்டாங்க. அப்பா மறந்துட்டாருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில அவரைப் பார்த்தப்பகூட எனக்கு அந்தக் கோபம் இருந்துச்சு. இந்த ஒன்பது வருஷமும், மறந்துட்டாருன்னுதான்..."

முடிக்கவில்லை. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் எழுந்து போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் வடிகட்டி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வழிகாட்டி அதிகாரி வெளியே வந்தார். கையில் காலி டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லாம வச்சிருந்தீங்க?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அருமை. மூணு மணிக் காட்சியிலேயே சேர்த்துடுவோம். இன்னிக்கு இயக்குநரும் வர்றார். மேஸ்திரி மணி கேட்கற இடத்துல நீங்க சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. இவங்க அஞ்சரைன்னு சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தட்டும்."

அதிகாரி கடிகாரத்தைச் சரியான உயரத்தில் மாட்டுவதற்கு ஏணி தேடிப் போனார்.

மூன்று மணிக்கு அரங்கு நிரம்பியிருந்தது. காயில்காரன் எழுந்து நின்றான். தன் வறுமையைச் சொன்னான். தன் கோபத்தைச் சொன்னான். ஸ்பேனர் வந்ததும் நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்று கடைசி வரிசையிலிருந்து அதிகாரி எடுத்துக்கொடுத்தார்.

"அவ்வளவுதாங்க."

"அவர் ஏதோ கேட்டாரே."

"என்கிட்ட கேட்டாருங்க. கேட்க வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டேன். வேற யாருக்கும் அதுல பங்கில்லை."

மூன்று விநாடி ஆயிற்று. முப்பது விநாடி ஆயிற்று. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். பதிவேடு இருந்த மேசைக்குப் போய் 'மன்னிப்பு' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

இயக்குநர் எழுந்தார். அனுபவசாலி. "நண்பர்களே, இந்த மௌனம் இருக்கிறதே, இதைக்கூட இவர்களுக்கு நம் வாரியம்தான் கற்றுக் கொடுத்தது" என்றார். பலத்த கைதட்டல். அந்தச் சத்தத்தில் காயில்காரன் கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். கடைசி வரிசையில் அதிகாரி ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார். என்ன வரி என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை.

நேரே பட்டறைக்குப் போனான். பட்டறையம்மா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு எரிந்த மோட்டாரை அவன் முன்னால் வைத்தார். அவன் பழைய கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தான். முக்கால் பங்கு முடிந்தபோது வாசலில் வெள்ளை வேன் நின்றது. அதிகாரியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். தையல்காரர் தன் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"போகலாமா?" என்றார் அதிகாரி, சிரித்த முகத்தோடு.

"அவன் வேலையில இருக்கான்" என்றார் பட்டறையம்மா. "முடியட்டும்."

அவர்கள் நின்றார்கள். ஒருவர் நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டார். காயில்காரன் கடைசிச் சுற்றை முடித்து, நூலால் கட்டி, நுனியை நறுக்கினான். "நாளைக்கு வார்னிஷ் ஊத்திடுங்கம்மா. ரெண்டு நாள் காயட்டும்."

"உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். போயிட்டு வா."

"ரெண்டு வருஷம் ஆகும்."

"பாலத்துக்கு அடியிலதான் இருப்பேன். எங்க போகப் போறேன்."

வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். வாரியத்தின் சேவை எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. அவன் பேனாவை வாங்கவில்லை. அதிகாரியே நான்காவது கட்டத்தில் குறி போட்டுக்கொண்டார். சிறைக்குள் மோட்டார் பழுது பார்க்க ஆள் தேவைப்பட்டதால், அந்த ஆண்டறிக்கையில் 'வாரியத்தால் வேலை பெற்றோர்: ஒருவர்' என்று அச்சாயிற்று.

முதல் பார்வை நாளில் அக்கா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அவன் கன்னம் ஒட்டியிருப்பதைச் சொல்லி அழுதாள். அவள் நகர்ந்த பிறகுதான் பின்னால் நின்றவளைப் பார்த்தான். மேஸ்திரியின் மகள். கையில் ஆணையும் இல்லை, அட்டையும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலைக்கு வரலை" என்றாள். "மன்னிக்கவும் வரலை."

"சரிங்க."

"அப்பா வேலை செய்யற இடத்துல எப்படி இருப்பாரு? வீட்டுல அதிகமா பேச மாட்டாரு. உங்ககூட அஞ்சு வருஷம் இருந்தாருன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

எங்கே தொடங்குவது என்று காயில்காரனுக்குத் தெரியவில்லை. மேஸ்திரி டீ குடிக்கும்போது காதில் பென்சிலைச் செருகிக்கொள்வது ஞாபகம் வந்தது, அதிலிருந்து தொடங்கினான். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பான், சுவரோரம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கழுத்தில் வாரிய அட்டையோடும் மடியில் நோட்டுப் புத்தகத்தோடும் ஒருவர் இவர்கள் பக்கமாகத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

காயில்காரன் குரலைத் தாழ்த்தினான். அவள் கம்பியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.